இரண்டாவது தட்டு

ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். ஆனாலும் தெரிந்தவர்கள் எல்லோரும் அவனைக் குண்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனவன், மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பத்துப் பேருக்கு வடித்திருந்த சோற்றுக் குண்டானின் அடி தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி உலை வைத்தாள். அன்றைக்கு மச்சினன் வைத்த பெயர்தான் இது. பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது.

பொக்லைன் ஓட்டுவது அவன் தொழில். சும்மா ஓட்டுகிறவன் இல்லை. ஒருமுறை பந்தயத்துக்காக, தரையில் வைத்த கோழிமுட்டையை அதன் இரும்புப் பல்லாலேயே மண்ணோடு அள்ளி, இருபது அடி தள்ளி உடையாமல் இறக்கி வைத்திருக்கிறான். அந்த முட்டையைப் பொரித்துத் தின்றது பந்தயத்தில் தோற்றவன் என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடந்த பதினோரு வருடமாகக் குண்டான் எந்த வேளையும் ஒரு தட்டுக்கு மேல் சாப்பிட்டதில்லை. தட்டு காலியானதும் எழுந்துவிடுவான். 'இன்னும் கொஞ்சம்' என்ற வார்த்தையே அவன் வாயிலிருந்து வராது. பெயர் மட்டும் பழைய பெருமையைச் சுமந்துகொண்டு திரிந்தது. அவன் மனைவி முதலில் வயிற்றில் ஏதோ கோளாறு என்று பயந்தாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றும் இல்லையென்றால் பிறகு என்ன என்று அவள் கேட்டதற்கு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார், புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டான். நாளாக ஆக அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

காரணம் குண்டானுக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிடங்கு கட்டுவதற்காக நிலம் சமப்படுத்தப் போனான். அந்த நிலத்தில் வெங்காயம் விளைந்து நின்றது. யாரோ விற்றுவிட்டார்கள், யாரோ வாங்கிவிட்டார்கள், வெங்காயத்தைப் பற்றிப் பத்திரத்தில் யாரும் எழுதவில்லை. தள்ளு என்றார் சூப்பர்வைசர். தள்ளினான். பச்சைத் தாளோடு, குழிக்குள், அதன்மேல் மண்ணையும் போட்டு மூடினான். நசுங்கிய வெங்காயத்தின் நெடி கேபினுக்குள் ஏறி, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. வெங்காயத்துக்கு அழுகிறான் பார் என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்து வைத்தான். அது வெறும் நெடிக்கு வந்த கண்ணீர் இல்லை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இரவு மனைவி அவனுக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் நிறையப் போட்டு வதக்கி வைத்திருந்தாள். முதல் தட்டு எப்படியோ உள்ளே போனது. இரண்டாவது தட்டுக்குக் கை நீளவில்லை. நம் வயிற்றை நிரப்புகிற மண்ணின் வாயிலேயே அதன் விளைச்சலைத் திணித்து மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்க எந்த முகத்தோடு கேட்பது? அன்றைக்கு ஆரம்பித்தது.

இப்போது அவன் வேலை செய்த இடத்தில் அறுபது வீடுகள் வரப்போகின்றன. நிலம் முழுக்க வழித்துச் சமப்படுத்தியாகிவிட்டது. கிழக்கு மூலையில் கால் ஏக்கர் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அளவெடுக்கிறவர்கள் வருகிறார்கள். அதற்குள் அந்த மூலையும் தட்டையாக இருக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. தேதி தவறினால் இன்ஜினியரின் தலையும் ஆபரேட்டரின் தலையும் ஒன்றாக உருளும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குண்டான் அந்த மூலையில் பக்கெட்டை இறக்கினான். மேலே பார்த்தால் வெறும் காய்ந்த செடிகள், களை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முதல் பிடி மண் மேலே வந்தது. மண்ணோடு மண்ணாக மஞ்சளாக ஏதோ உருண்டது. கூழாங்கல் என்று நினைத்தான். கூழாங்கல் அத்தனை இருக்காதே என்று குனிந்து பார்த்தான். உருளைக்கிழங்கு. கைக்குள் அடங்காத உருளைக்கிழங்குகள், இருபது முப்பது இருக்கும், பக்கெட்டின் பல் பட்டு மூன்று மட்டும் வெட்டுப்பட்டு வெள்ளையாகச் சிரித்தன.

குண்டான் கைப்பிடியை விட்டான். இன்ஜினைப் பட்டென்று அணைத்தான். சத்தம் நின்றதும் இன்ஜினியர் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண், தகரக் கொட்டகை அலுவலகத்தில் உட்கார்ந்து அறுபது வீட்டையும் தலையில் சுமக்கிறவள். என்னாச்சு என்று கேட்டாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தள்ளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், குண்டான் வாயில் வந்ததைச் சொன்னான்.

"கீழ கேபிள் ஓடுது போல மேடம்."

மண் தோண்டுகிற இடத்தில் இந்த ஒரு வார்த்தை போதும். பாம்பு என்றால்கூட ஆளாளுக்கு எட்டிப் பார்க்க வருவார்கள், கேபிள் என்றால் நூறு அடி தள்ளிப் போய்விடுவார்கள். இன்ஜினியரின் முகம் வெளுத்தது. ஐந்து நிமிடத்தில் மூலையைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியாகிவிட்டது. மின்வாரியத்துக்குப் போன் போனது, தலைமை அலுவலகத்துக்குப் போன் போனது. அவர்கள் ஆள் அனுப்பிச் சோதிக்கும் வரை அந்த மூலையில் ஒரு குண்டூசிகூட இறங்கக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

குண்டான் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கிழங்கைக் காப்பாற்றப் பொய் சொன்னான். இப்போது அந்தப் பொய்யே, கிழங்கை எடுக்கவும் விடாமல், காவல் நின்றது. மின்வாரியத்து ஆட்கள் நாளைக்குக் காலை பத்து மணிக்கு வந்து, அடியில் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு மிச்சம் இருக்கும் நான்கு மணி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ள வேண்டியதுதான். தன் புத்தியைத் தானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான், மூடினான். எழுந்து நாடாவைத் தாண்டிப் போய், வெட்டுப்படாத ஒரு கிழங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே தகரக் கொட்டகைக்குப் போனான். இன்ஜினியர் மேஜை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து வரைபடத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். அவன் கிழங்கை எடுத்து வரைபடத்தின்மேல் வைத்தான்.

"கேபிள் இல்ல மேடம். கிழங்கு."

அவள் கிழங்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். அவள் வயதுக்கு அத்தனை வார்த்தை தெரிந்திருப்பது குண்டானுக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் எத்தனை பேருக்குப் போன் பண்ணினேன் தெரியுமா, என் பேச்சை இனி யார் நம்புவார்கள், உங்களை இந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றாள். எல்லாம் நியாயம்தான் என்று அவன் தலை குனிந்து நின்றான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது வெங்காயத்தின் கதையைச் சொன்னான். வீட்டில்கூடச் சொல்லாததை, தங்கை வயதுப் பெண்ணிடம், தகரக் கொட்டகையில் நின்றபடி சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் மேஜைமேல் பாதி தின்று மூடி வைத்திருந்த தன் சாப்பாட்டுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்ததும் உருளைக்கிழங்குதான். பிறகு போனை எடுத்து மின்வாரியத்தைக் கூப்பிட்டு, தவறான தகவல், ஆள் அனுப்ப வேண்டாம், மன்னிக்கவும் என்றாள். தலைமை அலுவலகத்துக்கும் பேசுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆபீஸ்ல கேபிள்னு சொல்லிட்டேன் அண்ணே. நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் அது கேபிள்தான். அதுக்குள்ள எடுத்துட்டு சமமா ஆக்கிடுவீங்களா?"

குண்டான் மனசுக்குள் கணக்குப் போட்டான். சமப்படுத்த நான்கு மணி நேரம் வேண்டும். விடிந்ததும் ஆரம்பித்தால் கிழங்கு எடுக்கக் காலை பத்து மணி வரைக்கும்தான். கால் ஏக்கரைக் கையால் தோண்டினால் பத்து நாள் ஆகும். பொக்லைனால் அள்ளினால் எல்லாம் கூழாகும். அப்போதுதான் இயந்திரங்கள் நிறுத்தும் யார்டின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சல்லடை பக்கெட் நினைவுக்கு வந்தது. மண்ணிலிருந்து கல்லைப் பிரிக்கிற பக்கெட் அது. அடிப்பக்கம் வெறும் கம்பிகள்தான். அள்ளிக் குலுக்கினால் மண் உதிர்ந்துவிடும், கல் தங்கிவிடும். கல் தங்கும் இடத்தில் கிழங்கு தங்காதா என்ன? ஆனால் உதிர்கிற மண்ணோடு சின்னக் கிழங்கும் போகும். அதைப் பொறுக்கக் கை வேண்டும், நிறையக் கை வேண்டும்.

கைகள் எங்கே கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் காய் நறுக்கும் பிரிவுக்குத் தலைவி. அவளுக்குக் கீழே பதினொரு பெண்கள். இன்றைக்குப் பகலெல்லாம் அவர்களுக்கு வேலை, வெள்ளிக்கிழமைதான் மாலை ஷிப்ட்.

வீட்டுக்குப் போனபோது அவள் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கிழங்கைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தான். ஆனால் ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை, வெங்காயமும் வந்துவிட்டது. அவள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"என் கையில ருசி போயிடுச்சுன்னு நினைச்சிட்டு இருந்தேங்க. பதினோரு வருஷமா! ஒவ்வொரு நாளும் உப்பு பார்க்கிறப்ப எல்லாம்."

அவன் அதை ஒருபோதும் யோசித்ததில்லை. மண்ணுக்குச் செய்ததை நினைத்து நினைத்து மருகியவன், பக்கத்திலேயே ஒருத்தி அடுப்படியில் நின்று மருகியதைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் அதற்கு நேரம் கொடுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சாக்கு கொண்டு வா, குடை வேண்டாம், தொப்பி போட்டுக்கொள், புருஷன் சும்மா இருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு வா என்று உத்தரவுகள் பறந்தன.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் பதினான்கு பேர் நின்றார்கள். மச்சினனும் வந்திருந்தான், வேலை செய்ய இல்லை, வேடிக்கை பார்க்க என்று முதலிலேயே அறிவித்துவிட்டான். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய குண்டான் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வேலை முடிந்ததும் அங்கேயே அவித்துத் தின்னலாம் என்பது ஏற்பாடு. பெரிய குண்டானும் வந்துவிட்டது, ஒல்லிக் குண்டானும் இருக்கிறது என்று மச்சினன் ஆரம்பித்து வைக்க, சிரிப்பு அதன் பிறகு அடங்கவே இல்லை.

முதல் அள்ளல் வீணானது. குண்டான் கல்லைக் குலுக்குகிற பழக்கத்தில் குலுக்கிவிட்டான், பாதிக் கிழங்கு தோலுரிந்தது. இது கல் இல்லை, எங்கள் கையில் கொடுத்தால் நாங்களே தோலுரிப்போம் என்று கீழே இருந்து ஒருத்தி கத்தினாள். இரண்டாவது முறை, முட்டை எடுத்த கையை நினைத்துக்கொண்டான். பல்லை ஆழமாக இறக்கி, கிழங்குக்கு அடியில் நுழைத்து, மெல்லத் தூக்கி, தரைக்கு ஒரு முழம் மேலேயே வைத்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டினான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பிகளுக்கு நடுவே கிழங்குகள் குவியலாக உட்கார்ந்திருந்தன. கீழே பெண்கள் கைதட்டினார்கள்.

பிறகு வேலை ஓடிய வேகத்தை என்னவென்று சொல்வது! வருடக்கணக்காகத் தினமும் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டுகிற பெண்கள். கண் வைத்த இடத்தில் கை இருந்தது. அழுகல் இங்கே, வெட்டுப்பட்டது இங்கே, நல்லது சாக்குக்கு என்று யாரும் சொல்லாமலேயே பிரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த மச்சினன் எட்டு மணிக்குள் முட்டிவரை மண்ணாக, முதுகில் சாக்கோடு ஓடிக்கொண்டிருந்தான். இன்ஜினியர் ஏழு மணிக்குக் காகிதங்களோடு வந்தாள், ஏழேகாலுக்குக் காகிதங்களைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

ஒன்பது மணிக்கு வேலிக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அவளைப் பார்த்ததும் குண்டானுக்குப் புரிந்துவிட்டது. கீழே இறங்கிப் போனான். நிலத்தை விற்றவள் அவள்தான். விற்றதற்கு வருத்தமில்லை என்றாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மகளோடு போய் இருக்கப் போகிறாள். கிழங்கு எடுத்த பிறகு நிலத்தை ஒப்படைப்பதாகத்தான் பேச்சு. தேதியை ஒன்றரை மாதம் முன்னால் நகர்த்திவிட்டார்கள், அவள் எடுத்துச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இன்றைக்கு மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருதடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். வந்து பார்த்தால் திருவிழாக் கூட்டமாக இருக்கிறதே என்றாள்.

அவன் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தான். முழங்காலைக் காரணம் சொன்னவள், ஐந்து நிமிடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வரிசையில் சின்னது அதிகம் இருக்கும், கிழக்கு ஓரத்தில் நல்ல கிழங்கு, அங்கே இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று பொக்லைனுக்கே வழி சொன்னாள். அவள் சொன்னபடியே இருந்தது.

பத்து மணிக்கு நாற்பத்து மூன்று மூட்டை நின்றது. பத்து அவளுக்கு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள், மறுக்க மறுக்க மச்சினன் வண்டியில் ஏற்றினான். வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. மிச்சம் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துக்கு.

இனிமேல்தான் குண்டானின் உண்மையான வேலை. பக்கெட்டை மாற்றினான். நேற்றுவரை கிழங்கு வளர்த்த மண்ணை அவன்தான் வழிக்க வேண்டும். அவன் வழிக்காவிட்டால் இன்னொருவன் வழிப்பான், அது ஆறுதலும் இல்லை. மேல்மண்ணை லாரியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டுவதுதான் வழக்கம். இன்ஜினியரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டான். அவள் வரைபடத்தைப் புரட்டி, வீடுகளுக்கு நடுவில் பூங்கா என்று பச்சையாக வரைந்திருந்த இடத்தைக் காட்டினாள். அந்தக் கறுப்பு மண்ணை ஒரு பிடிகூட விடாமல் வழித்து அங்கே கொண்டுபோய்க் குவித்தான். பிறகு அடிமண்ணைத் தட்டையாக்கினான். ஒன்றே முக்காலுக்கு மூலை மேஜை மாதிரி ஆனது. பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இல்லை, ஆனால் வெங்காய நாளின் பாரம் இதில் இல்லை.

இன்ஜினியரின் போன் அடித்தது. தலைமை அலுவலகம். கேபிள் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள்.

"சுத்தமா எடுத்தாச்சு சார். ஒண்ணுகூட மண்ணுல இல்ல," என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினான்.

மூன்று கல் கூட்டிய அடுப்பில் குண்டான் நிறையக் கிழங்கு வெந்து முடிந்திருந்தது. உப்பும் மிளகுத்தூளும் தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்கள் தின்று முடித்துக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குண்டான் கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மனைவி தட்டு நிறைய வைத்தாள். தோல் வெடித்து, ஆவி பறந்தது. உப்பைத் தொட்டு முதல் கிழங்கைப் பிட்டு வாயில் போட்டான். மாவாகக் கரைந்தது.

தட்டு காலியானது. பழக்கத்தில் காலை மடக்கி எழுந்திருக்கப் பார்த்தான். எதிரே நிலத்துக்காரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கதையை இதற்குள் யாரோ அவள் காதில் போட்டிருக்க வேண்டும்.

"நான் நட்டதே யாராவது வயிறு நிறையத் தின்னணும்னுதான் தம்பி," என்றாள் அவள். "பாதி வயித்தோட எந்திரிச்சா அந்த மண்ணு பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?"

அவன் தட்டைப் பார்த்தான். தூரத்தில் குவிந்திருந்த கறுப்பு மண்ணைப் பார்த்தான். பக்கத்தில் மனைவி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள், எதையும் எதிர்பார்க்காதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்தபடி. அவன் மறுபடி சம்மணம் போட்டான். தட்டை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் போடு."

அவள் போட்டாள். போட்ட அவசரத்தில் ஒரு கிழங்கு தட்டைத் தாண்டி மண்ணில் உருண்டது. குண்டான் அதை எடுத்து, துடைத்து, வாயில் போட்டுக்கொண்டான். மூன்றாவது தட்டுக்கு அவன் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. நான்காவது தட்டுக்குக் கரண்டி அடியில் தட்டியது. அளவெடுக்கிறவர்களின் வண்டி உள்ளே வந்தபோது அவள் காலியான பெரிய குண்டானைத் தலைகீழாகக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினாள். அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது, வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.